அகலமும் உயரமும்

முதுநகர் ஐஸ் கம்பெனிக்கு நான் கட்டிக்கொடுத்த பக்கத்தின் தலைமாட்டில்
ஒரு வஞ்சிரம் படுத்திருந்தது.
நாலு எம்பி எடை.
உற்றுப் பார்த்தால் அதன் கண்ணில்
படம் எடுத்தவரின் நிழல்கூடத் தெரியும்.
திருப்பாதிரிப்புலியூரில், என் மேசையில், ஃபைபர் இணைப்பில்
கூப்பிடுமுன் வந்து நின்றது.
ஜெசிந்தா அக்கா இன்னொரு முறை திறந்து காட்டச் சொன்னார்.
மீதிப் பணத்தையும் அன்றே கொடுத்தார்.

ஐப்பசி. விடியற்காலை மூன்று பன்னிரண்டு.
உப்பனாற்று முகத்துவாரத்துக்கு வெளியே
சிக்னல் ஒரே கோடு,
அதுவும் படகு அலைமேல் ஏறும்போதுதான்.
அக்கரைக்கோரி அஞ்சாப்புலி
இருபத்திரண்டு பார் ஐஸை உறுதி செய்யப் பார்க்கிறார்.
கீறல் விழுந்த போன். உப்பு ஊறிய கட்டைவிரல்.

முதலில் வெள்ளை.
பிறகும் வெள்ளை.
அழகான எழுத்துரு வேண்டுமென்று நான் மூன்று கோப்பு சேர்த்திருந்தேன்;
அவை கரை சேரும்வரை
எழுத்தே கிடையாது.
ஒருவழியாக இரண்டு பொத்தான்கள் வந்தன:
மேலே 'ரத்து', கீழே 'உறுதி'.
அவர் விரல் 'உறுதி'க்கு இறங்கிய அந்த நொடியில்
வஞ்சிரம் வந்து சேர்ந்தது.

நீளமான படம்; சின்னத் திரையில் விரற்கடை உயரம்தான்.
அது போதும்.
எல்லாம் விரற்கடை கீழே இறங்க,
'உறுதி' இருந்த இடத்தில் 'ரத்து' நின்றது.

எட்டு மணிக்கு மத்தியின் கண் மங்கிவிட்டது.
பத்து மணிக்குக் கருவாட்டு விலை.

"தப்பா அமுக்கியிருப்பீங்க அண்ணே" என்றேன் போனில்.
பதிவேடு என் கட்சி: ரத்து, 3.12, அவருடைய எண்.
"நான் சரியாத்தான் அமுக்கினேன்.
உன் பொத்தான்தான் நகந்துச்சு."

மறுநாள் இருட்டில் துறைமுகத்துக்குப் போனேன்.
அவர் போனை வாங்கி, என் பக்கத்தைத் திறந்து, எண்ணினேன்.
பதினேழு வரை எண்ணினேன்.
பக்கத்தில் ஒருவர் பீடியைப் பற்றவைத்து
பாதி முடித்திருந்தார்.
படங்களை வழுக்கிக் காட்டும் நிரல் ஒன்று
முன்வரிசையில் நின்று வழி மறித்தது;
வழுக்க இருந்ததோ ஒரே ஒரு படம்.

தலை தூக்கினேன்.
துறையில் படகுகள் நெருக்கியடித்து நின்றன.
நடுவில் ஓரிடம் மட்டும் தண்ணீராக இருந்தது.
"அது எங்க மச்சான் போட்டுக்கு" என்றார்.
"ராத்திரி வரும்."
அந்த இடத்தில் யாரும் கயிறு கட்டியிருக்கவில்லை.
எத்தனை அடி அகலம் என்று
எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

கொசு மொய்க்க, ஐஸ் அரைக்கும் இயந்திரத்தின் பக்கத்தில்
லேப்டாப்பைப் பிரித்தேன்.
படத்துக்கு அகலம் எழுதினேன், உயரம் எழுதினேன்.
வராதவனுக்கும் இடம் குறித்தாகிவிட்டது;
இனி அவன் எப்போது வந்தாலும்
யாரையும் தள்ள வேண்டாம்.
நாலு எம்பி நாற்பது கேபி ஆனது.
கண்ணில் இருந்த நிழல் போயிற்று, மீன் மீனாகவே இருந்தது.
போனில் ஏற்கெனவே இருக்கும் எழுத்தே போதும் என்றேன்.
வழுக்கும் நிரலை அழித்தேன்; ஒன்றும் உடையவில்லை,
அதுதான் கொஞ்சம் வலித்தது.
'ரத்'தைப் பக்கத்தின் அடிக்குத் தள்ளி
அழுத்தினால் "நிஜமாகவா?" என்று கேட்க வைத்தேன்.

இரண்டு நொடி.
அஞ்சாப்புலி வாங்கிப் பார்த்தார்.
"அவ்ளோதானா?" என்றார். போனை மடியில் செருகிக்கொண்டார்.

ஜெசிந்தா அக்கா மாலையில் கூப்பிட்டார்:
"மீன் ஏன் மங்கலா இருக்கு?
போட்டோவுக்கு எட்டாயிரம் கொடுத்தேன் தெரியுமா?"

மத்திக்கு ஈடாக அவர் பெயரில்
நான் ஐஸ் கட்டிவருகிறேன், வாரம் இரண்டு பார்.
இன்னும் ஒன்பது வாரம் பாக்கி.
ஒவ்வொரு முறையும் அதே பக்கத்தில்தான் பதிகிறேன்;
ஃபைபரை அணைத்துவிட்டு,
பழைய போன் ஒன்றில்,
கட்டைவிரலை நனைத்துக்கொண்டு.